வாடிய கொழுந்து யாருடையது?

கோத்தகிரிப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து, சட்ட ஆலோசனை கேட்டு, பதினொரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர், நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். இரவில் உட்கார்ந்து நகைச்சுவை கலந்த துப்பறியும் கதைகள் எழுதுகிறார். இரண்டு கதைகள் மாத நாவலாக வந்துவிட்டன, மூன்றாவது இன்னும் கைப்பிரதி. அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரச்சினையை மாற்றவில்லை.

ஆறு வருடங்களாக அந்தப் பகுதியில் எழுதுகிற ஐந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பேக்கரியின் மாடியில் கூடுகிறார்கள். டீயும் வர்க்கியும் நடுவில் இருக்க, ஒருவர் தன் அத்தியாயத்தைப் படிப்பார், மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். சென்ற ஆண்டு நம் வாசகர் படித்த அத்தியாயத்தில் ஒரு பிணம், தொழிற்சாலை மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டிக்குள், இலைக்கு அடியில் கிடக்கிறது. இலை எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்தே கொலை நடந்த நேரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். மூன்று மாதம் முன்பு, அதே குழுவில் இருக்கும் குன்னூர்ப் பெண் ஒருவர் ஒரு பத்திரிகையில் சிறுகதை எழுதினார். அதிலும் தொட்டி, பிணம், வாடிய இலை. "என் கதையைத் திருடிவிட்டாள், வழக்குப் போட வேண்டும், போலீசிலும் புகார் தர வேண்டும்" என்கிறார் வாசகர்.

இரண்டாவது விஷயம் கடிதத்தின் எட்டாம் பக்கத்தில்தான் வருகிறது. அதே குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நாவலின் கைப்பிரதியை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். நம் வாசகர் அதற்கு நான்கு பக்க விமர்சனம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அதன் கடைசி வரி, "காசு கொடுத்து வேலை வாங்கியவர் எழுதினால் கதையும் இப்படித்தான் இருக்கும்." ஆசிரியர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவதூறுக்கு ஐந்து லட்சம் நஷ்டஈடு, பதினைந்து நாளில் பதில் வேண்டும். நாவலின் பகுதிகளைக் குழுவில் எடுத்துப் போட்டது காப்புரிமை மீறல் என்றும் அதில் இருக்கிறது. "இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா? விமர்சனம் செய்ய உரிமை இல்லையா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அத்தியாயத்தையும் அந்தச் சிறுகதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன், விமர்சனத்தையும் படித்தேன். கடிதத்தில் ஏழு பக்கம் திருட்டைப் பற்றி எழுதிவிட்டு நோட்டீஸுக்கு நான்கு பக்கம்தான் கொடுத்திருக்கிறீர்கள். இது தலைகீழாக இருக்க வேண்டும். குன்னூர்ப் பெண் மேல் நீங்கள் போட நினைக்கும் வழக்கு நிற்காது. ஆசிரியர் உங்கள் மேல் போட நினைக்கும் வழக்கில் ஒரு வரி நிற்கக்கூடும். ஆனாலும் உங்கள் மனது எங்கே புண்பட்டிருக்கிறது என்று தெரிவதால், கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கரு யாருக்கும் சொந்தமில்லை, வரிதான் சொந்தம்

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் உங்கள் எழுத்தைக் காக்கிறது, யோசனையைக் காப்பதில்லை. கொழுந்துக்கு அடியில் பிணம், வாட்டத்தை வைத்து நேரம் கணிப்பது, பயந்தாங்கொள்ளிக் கான்ஸ்டபிள் ஆகிய மூன்றும் யோசனைகள். அவற்றை நீங்கள் எந்தச் சொற்களில், எந்த வரிசையில், எந்தப் பாத்திரங்கள் வழியாகச் சொன்னீர்களோ அதுதான் உங்களுடையது.

இதில் அடிப்படையான தீர்ப்பு உச்ச நீதிமன்றம் 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது. ஆனந்த் ஒரு நாடகாசிரியர். பஞ்சாபிக் குடும்பம், தமிழ்க் குடும்பம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் காதல், மாகாண வெறுப்பு என்று ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினார். அந்தக் கதையை ஒரு படத் தயாரிப்பாளருக்கு விவரமாகச் சொல்லியும் இருந்தார். பிறகு அதே கருவில் அவர்களிடமிருந்து படம் வந்தது. தயாரிப்பாளரிடம் கதை சொன்னது உண்மை, கரு ஒன்று என்பதும் உண்மை. அப்படியிருந்தும் ஆனந்த் தோற்றார். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண மனிதருக்கு 'இது அதன் நகல்' என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் வர வேண்டும், ஒரே கருவை வேறு விதமாகக் கையாண்டிருந்தால் அது புதிய படைப்பு என்றது நீதிமன்றம்.

இந்த அளவுகோலை உங்கள் வழக்கில் வைத்துப் பாருங்கள். உங்கள் அத்தியாயம் சிரிப்பு. அட்டைக்குப் பயந்து கால்சட்டைக்குள் உப்பை நிரப்பிக்கொண்டு வரும் கான்ஸ்டபிளை நான் மறக்க மாட்டேன். அந்தப் பெண்ணின் கதையைக் கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளியின் மகள் சொல்கிறாள், கடைசியில் கண் கலங்குகிறது. பாத்திரங்கள் வேறு, கொலைகாரன் வேறு, கொலைக்குக் காரணம் வேறு. இரண்டையும் படிக்கிறவர் 'ஒரே தொழிற்சாலையைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்' என்பார். நகல் என்று சொல்ல மாட்டார்.

ஒரே ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. "பிணம் வாடவில்லை, கொழுந்துதான் வாடியிருந்தது" என்ற உங்கள் வரி அவர் கதையில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அது யோசனை அல்ல, எழுத்து. நல்ல எழுத்தும்கூட. ஆனால் பத்துப் பக்கக் கதையில் ஒரு வரிக்காகத் தடை உத்தரவோ நஷ்டஈடோ கிடைக்கும் என்று எந்த வழக்கறிஞராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வரியைக் காட்டி, கதை தொகுப்பாக வரும்போது எடுத்துவிடச் சொல்லியோ, உங்கள் பெயரை ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லியோ கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீரக்கூடியதும்கூட.

உங்கள் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் வாசிப்பின்போது உங்கள் கதையில் பிணம் மட்டும்தான் தொட்டியில் இருந்தது. 'இலை எவ்வளவு வாடியிருக்குன்னு பார்த்தா நேரம் சொல்லிடலாமே அண்ணா' என்று சொன்னது அந்தப் பெண்தான். அடுத்த மாதம் நீங்கள் அதைச் சேர்த்து எழுதி வந்தீர்கள். இதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு வரி உங்கள் புகாரின் அடித்தளத்தையே எடுத்துவிடுகிறது. உங்கள் கதையின் சாவி அவர் கொடுத்தது. அவர் தன் சாவியால் வேறொரு கதவைத் திறந்திருக்கிறார்.

அதற்காக அவர் உங்கள் நாவலில் பங்கு கேட்க முடியுமா என்றால், முடியாது. இருவர் சேர்ந்து உழைத்து, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி உருவான படைப்புக்குத்தான் சட்டம் கூட்டு ஆசிரியர் என்ற இடத்தைத் தருகிறது. விமர்சனக் கூட்டத்தில் சொன்ன யோசனை அந்த இடத்துக்கு ஏறாது. ஆக, நீங்கள் இருவருமே வாடிய கொழுந்தை எழுதலாம். உங்கள் நாவல் அச்சுக்குப் போக எந்தத் தடையும் இல்லை.

'குழுவில் நம்பிக்கையோடு படித்ததை வெளியே எடுத்துப் போகலாமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம்பிக்கை மீறல் என்று ஒரு தனி வழி சட்டத்தில் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்கான ஒரு கருவை ரகசியமாக ஒப்படைத்தவர்களுக்கு 2003ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழியில் பாதுகாப்புத் தந்திருக்கிறது. ஆனால் அங்கே எழுதி, பதிவு செய்து, இன்ன காரியத்துக்காக என்று கொடுத்திருந்தார்கள். உங்கள் மாடி அறையில் 'இது வெளியே போகக் கூடாது' என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. விருந்தினர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அதே அத்தியாயத்தை நீங்களே வேறொரு கூட்டத்திலும் படித்திருக்கிறீர்கள். எனவே அந்த வழியும் உங்களுக்குப் பயன்படாது.

பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்ப வைத்திருக்கும் கடிதத்தை அனுப்பாதீர்கள்

'கதையைத் திரும்பப் பெறாவிட்டால் கிரிமினல் வழக்கு' என்று ஒரு கடிதம் தயாரித்து எனக்கு நகல் அனுப்பியிருக்கிறீர்கள். காப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது என்பது சரிதான். அது தெரிந்தே மீறியவர்களுக்கு. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆதாரமில்லாமல் 'காப்புரிமை மீறல், வழக்குப் போடுவேன்' என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் உங்கள் மேல் வழக்குப் போட்டு அந்த மிரட்டலுக்குத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். அந்தப் பெண்ணுக்கு இதுதான் முதல் பிரசுரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் கதை வந்த பத்திரிகைக்கு இப்படி ஒரு கடிதம் போனால் அவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பதிவுத் தபாலில் உங்களுக்கே அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கும் உறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அந்த உறையால் எந்த உரிமையும் பிறப்பதில்லை. உரிமை நீங்கள் எழுதிய கணத்திலேயே வந்துவிட்டது, நீங்கள் இறந்து 60 ஆண்டுகள் வரை அது உங்களிடமும் உங்கள் வாரிசுகளிடமும் இருக்கும். உறை, இந்தத் தேதியில் இது இருந்தது என்பதற்கு ஒரு பலவீனமான சாட்சி, அவ்வளவுதான். நாவல் முழுதாக முடிந்ததும் காப்புரிமைப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையம் வழியாகவே செய்யலாம், யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அந்தப் பதிவேடே முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

இப்போது நோட்டீஸ்

இங்கேதான் நீங்கள் கவனமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

விமர்சனம் செய்ய உரிமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அவதூறைக் குற்றமாக்கும் சட்டத்திலேயே அந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகியிருக்கிறது. அதன் ஆறாவது விதிவிலக்கு, மக்களின் தீர்ப்புக்காக வைக்கப்பட்ட ஒரு படைப்பைப் பற்றியும், அந்தப் படைப்பில் தெரியும் அளவுக்கு மட்டும் படைப்பாளியின் குணத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது என்கிறது.

சட்டத்தில் இதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் உங்களுக்காகவே எழுதியது போலிருக்கிறது. ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றி, 'இந்தப் புத்தகம் முட்டாள்தனமானது, எழுதியவர் பலவீனமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்' என்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை, ஏனென்றால் புத்தகத்திலிருந்து ஆளுக்குப் போகிறார். இன்னொருவர், 'இந்தப் புத்தகம் முட்டாள்தனமாகவும் ஆபாசமாகவும் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை, எழுதியவர் பலவீனமானவர், ஒழுக்கம் கெட்டவர்' என்கிறார். இவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஆளைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்து அதைப் புத்தகத்தின் மேல் வைக்கிறார்.

உங்கள் நான்கு பக்கத்தில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் முதல் வகை. சொல்லப்போனால் அது அருமையான விமர்சனம். கொலைகாரன் யார் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே ஏன் தெரிந்துவிடுகிறது, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் பாத்திரமே 'ஹா ஹா' என்று சிரித்துவிட்டால் வாசகன் ஏன் சிரிப்பதில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறியவன் ஒரு மணி நேரத்தில் ஊட்டியில் இறங்கித் தப்பிப்பது ஏன் நம்பும்படி இல்லை என்று வரி வரியாகக் காட்டியிருக்கிறீர்கள். அந்த ரயிலில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியும். ஒரு எழுத்தாளருக்கு இப்படி ஒரு வாசகர் கிடைப்பது கொடுப்பினை. நாவலில் ஒரு ஓட்டையும் விடாமல் பார்த்த நீங்கள் கடைசி வரியில் நாவலை விட்டுவிட்டு ஆசிரியரின் வேலை நியமனத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரிக்கும் நாவலுக்கும் சம்பந்தமே இல்லை. லஞ்சம் கொடுத்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. 'ஊரே பேசுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள், ஊர் பேசுவது நிரூபணம் ஆகாது. கிரிமினல் வழக்கில், உண்மை என்று நிரூபித்தாலும், அதைச் சொல்வதில் பொதுநலன் இருந்தது என்றும் காட்ட வேண்டும். ஒரு கைப்பிரதி விமர்சனத்தில் அந்தப் பொதுநலன் எங்கே இருக்கிறது?

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஆசிரியரின் நாவல் அச்சாகவில்லை, உங்கள் நான்கு பேருக்கு மட்டும் கொடுத்தார். 'மக்களின் தீர்ப்புக்காக வைத்தது' என்ற பாதுகாப்பு இங்கே முழுதாகப் பொருந்துமா என்று எதிர்த் தரப்பு வாதாடும். கருத்துக் கேட்டுக் கொடுத்தவருக்குக் கருத்துச் சொன்னதில் தவறில்லை என்று நாமும் வாதாடலாம், விமர்சனப் பகுதிக்கு அது போதும். ஆனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது ஐந்து பேர் இல்லை, பதினொரு பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆசிரியரின் பழைய மாணவர்கள் இரண்டு பேர். ஒரு மனிதர் முப்பது வருடம் வகுப்பில் நின்று சம்பாதித்த மரியாதை அந்த இரண்டு பேர் கண்ணில்தான் இருக்கிறது. அவர் ஏன் நோட்டீஸ் வரைக்கும் போனார் என்பது எனக்குப் புரிகிறது.

காப்புரிமை மீறல் என்று நோட்டீஸில் சொன்னதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விமர்சனத்துக்காகப் படைப்பிலிருந்து தேவையான அளவு மேற்கோள் காட்டுவதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நீங்கள் எடுத்தது மொத்தம் அரைப் பக்கம்தான். முழு அத்தியாயத்தைப் போட்டிருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அச்சாகாத எழுத்தை முதலில் எங்கே வெளியிடுவது என்பது எழுதியவரின் முடிவு.

கைது பற்றி

உங்கள் மனைவி தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவதூறு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்யும் குற்றம் இல்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தர வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டப்படி அதை எடுத்துக்கொள்வதற்கு முன்பே உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் குற்றம் இது. அதிகபட்சத் தண்டனை இரண்டு வருட வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும், புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் எந்தக் கட்டத்திலும் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். நஷ்டஈட்டு வழக்கு என்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம் வரை இடம் உண்டு. ஆகவே 'கொஞ்ச நாள் பேசாமல் இருந்தால் ஆறிப்போகும்' என்று உங்கள் மைத்துனர் சொன்ன யோசனை வேண்டாம்.

வாட்ஸ்அப் பதிவை அழித்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், இன்றைக்கு அழிக்காதீர்கள் என்பதுதான். பதினொரு போனில் இருக்கிறது, யாரோ படம் பிடித்து வைத்திருப்பார்கள். அழித்தால் மறைக்கப் பார்த்தது போலிருக்கும். முதலில் முழு உரையாடலையும் சேமித்து வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சிக்கு இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும், அதற்கு அசல் கருவி இருப்பது நல்லது. அந்த நான்கு பக்கம் முழுதாக இருப்பது உங்களுக்குத்தான் பலம். ஒரு வரியை மட்டும் பிய்த்துக் காட்டினால் நீங்கள் வசைபாடியவர். நான்கு பக்கமும் இருந்தால், உழைத்துப் படித்து எழுதிய விமர்சகர், ஒரு வரியில் தவறியவர்.

என் யோசனை, அந்த ஒரு வரிக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். விமர்சனத்துக்குக் கேட்க வேண்டாம். 'கடைசி வரியில் தங்கள் பணி நியமனம் பற்றி நான் எழுதியது ஆதாரமற்றது. அதைத் திரும்பப் பெறுகிறேன், வருந்துகிறேன்' என்று எழுதினால் போதும். எந்தக் குழுவில் எழுதினீர்களோ அதே குழுவில், அதே பதினொரு பேர் படிக்கும்படி போடுங்கள். நோட்டீஸுக்கான பதிலை மட்டும் நீங்களாக எழுதாமல் வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். மன்னிப்பின் வாசகத்தையும் அவர் பார்த்துத் தந்தபின் போடுங்கள். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாதா என்று தயங்குவீர்கள். அந்த அபாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நிரூபிக்கவே முடியாத ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதன் அபாயம் அதைவிடப் பெரியது.

உங்கள் நாவலைப் பற்றி இரண்டு

நீங்கள் கேட்காத இரண்டைச் சொல்கிறேன். அத்தியாயத்தைப் படித்ததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாவலில் வரும் தொழிற்சாலை முதலாளி, இடது காதில் கடுக்கன், பழைய மஞ்சள் ஜீப், பெயருக்கு முன் மூன்று இனிஷியல். இது உங்கள் பக்கத்து ஊரில் யாரையாவது நினைவூட்டினால் மாற்றிவிடுங்கள். 'யாவும் கற்பனையே' என்று முதல் பக்கத்தில் போடுவது கவசம் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை, நகைச்சுவைக் கட்டுரை ஒன்றில் வரும் ஆளுக்கு ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்று வாயில் வந்த ஒரு பெயரை வைத்தது. அதே பெயரில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், வழக்குப் போட்டார், 1,750 பவுன் நஷ்டஈடு வாங்கினார். அங்கே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. படிக்கிறவர்கள் அவரைத்தான் குறிக்கிறது என்று நினைத்தால் போதும், எழுதியவர் நினைக்காவிட்டாலும் சரி. நம் நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் அந்த வழியிலேயே போகும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அது ஓர் எச்சரிக்கை. இந்த மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் இங்கே எழுதுகிறவருக்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.

அடுத்தது, பாறைத் தேன் எடுக்கும் இருளர் இளைஞனைத் திருட்டு முழி முழிக்கும் கோமாளியாக வைத்திருக்கிறீர்கள். குன்னூர்ப் பெண் அதைக் குறை சொன்னபோது 'நகைச்சுவை புரியவில்லை' என்று தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் புரியவில்லை. உங்கள் கான்ஸ்டபிள் சிரிப்பூட்டுகிறான், ஏனென்றால் அவன் பயம் அவனுடையது. அந்த இளைஞன் பிறந்த பிறப்பைத் தவிர அவனைப் பற்றி அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லை. பட்டியல் பழங்குடியினருக்கு எதிரான வெறுப்பை எழுத்தால் வளர்ப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். உங்கள் அத்தியாயம் அந்த எல்லைக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கித் தேன் எடுக்கிறவனுக்குத் தெரிந்தது உங்கள் துப்பறிவாளருக்குத் தெரியாது. அதை வைத்து எழுதிப் பாருங்கள். எந்த இரவு மூடுபனி இறங்கியது, யார் எந்தப் பாதையில் போனார்கள் என்று அவன்தான் சொல்ல முடியும்.

குழு கலைய வேண்டாம்

'இனி யாருக்கும் எதையும் படித்துக் காட்ட மாட்டேன்' என்று கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் உதகை நீதிமன்றத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்க்கும் தகராறுகளில் பாதி, முதலில் இரண்டு வரி பேசி எழுதிக்கொண்டிருந்தால் வந்திருக்காது. அடுத்த கூட்டத்தில் ஒரு தாளில் இதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

கைப்பிரதி: படிப்பதற்கு முன் தேதியோடு மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவது. எழுதியவர் சொல்லாமல் ஐந்து பேரைத் தாண்டி யாருக்கும் போகக் கூடாது.

யோசனை: கூட்டத்தில் ஒருவர் சொன்ன யோசனையை எழுதியவர் பயன்படுத்தலாம். சொன்னவரும் பயன்படுத்த நினைத்தால் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இது சட்டம் கேட்பதைவிடக் கூடுதல், ஆனால் உங்கள் இருவருக்கும் இடையில் இல்லாமல் போனது இதுதான்.

விமர்சனம்: நேரில் வாயால் சொல்வது, அல்லது எழுதியவருக்கு மட்டும் தனியாக அனுப்புவது. பதினொரு பேர் இருக்கும் குழுவில் கூட்டத் தேதியும் நேரமும் போதும்.

நோட்டீஸ் கைக்கு வந்து இன்றைக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது என்று கணக்கிட்டேன். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வக்கீல் வைக்கப் பணம் கஷ்டம் என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைத்து, இலவச உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். நோட்டீஸ், அது வந்த உறை, நான்கு பக்க விமர்சனம், போன் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, குன்னூர்ப் பெண்ணை அழைத்து அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசிவிடுங்கள். பத்திரிகைக்கு எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்துப் போட்டபிறகு.